தட்டு மாற்றாத மூத்தவன்

என் அண்ணனைப் பற்றி மற்றவர்கள் சொன்னதையெல்லாம் ஒன்பது வருஷம் நான் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா இறந்த 1952-ல் தொடங்கிய பழக்கம் அது. அடுத்த வருஷம் ஓமலூரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பழக்கம் முற்றிவிட்டது. ஒரு நாளைக்கு முப்பது தடவை தேதி எழுதுகிற கை, வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. மழை பெய்த நாள், கிணறு வற்றிய நாள், எந்த விருந்தாளி எந்த ரயிலில் வந்தார் என்பது, இவற்றோடு அண்ணனைப் பற்றி யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதும் நோட்டில் ஏறியது. இப்போது புரட்டினால் அலுப்பாக இருக்கிறது. ஆட்கள்தான் மாறிக்கொண்டே வந்தார்கள். சொன்னது ஐந்தாறு விஷயம்தான்.

அப்பாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் அழாமல் நின்றதைப் பார்த்துப் பெரியம்மா, “இவனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல” என்றாள். எங்கள் கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் கர்வம் என்றார். பக்கத்து வீட்டு நெசவுக்காரர் ஐம்பத்தைந்து ஆவணியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்கண்ணன் எங்கியோ ஏமாந்துட்டாரு தம்பி. பொண்ணு எந்த ஊருன்னு மட்டும் சொல்லு, நான் பேசிப் பாக்கறேன்” என்றார். அம்மாவோ வெட்கம் என்றாள். இப்படிப் பேசாமல் இருக்கிறவன்தான் ஒருநாள் அரிவாளைத் தூக்குவான் என்று சொன்னவரும் உண்டு. அண்ணன் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். கோத்த எழுத்துகளைச் சமமாக்கத் தட்டுகிற மரச்சுத்தியைத் தவிர வேறு எதையும் அவர் யார்மேலும் எதன்மேலும் ஓங்கியதில்லை.

ஊரைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் தவறு எங்கள் வீட்டில்தான் நடந்தது. சேலத்தில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில், சத்தம் போடாத பையன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அவனுக்குத் தேவ அழைத்தல் இருக்கிறது. மற்றப் பையன்கள் கோலி விளையாடும்போது அண்ணன் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருப்பார். செபிக்கிறான் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். பதினான்கு வயதில் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு வெள்ளை அங்கியும் கொடுத்து, சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பினார்கள். தனிமையை விரும்புகிற ஒருவனை அனுப்பக்கூடாத இடம் பூமியில் ஒன்று உண்டென்றால் அது அதுதான். அறுபது பேர் ஒரே கூடத்தில் படுக்க வேண்டும். சாப்பாடு, படிப்பு, விளையாட்டு எல்லாம் கூட்டத்தோடு. மாலையில் உலாவப் போனாலும் மூன்று மூன்று பேராகத்தான் போக வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, 1949-ல், அதே பெட்டியோடு திரும்பி வந்தார்.

“ஏன்டா வந்துட்டே?” என்று அப்பா கேட்டார்.

“எப்பப் பாத்தாலும் யாராவது கூட இருக்காங்கப்பா.”

அப்பா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் அண்ணன் நன்றாகவே இருந்தார் என்பது எனக்கு ஞாபகம். ஆனால் ஊரில், குருமடத்திலிருந்து திரும்பியவன் என்றால் ஏதோ செய்துவிட்டுத்தான் திரும்பியிருப்பான்.

நான் மட்டும் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டவன் என்ற எண்ணம் எனக்கு வெகுகாலம் இருந்தது. நான் நிறையப் படிக்கிறவன். பேசாதவர்களின் மனசுக்குள் பெரிய உலகம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் என்று படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் முதல் பூசை முடிந்ததும் ஊருக்கு வடக்கே இருக்கிற சுண்ணாம்புக் கரடு பக்கம் நடந்து போய், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். ஐம்பத்தாறில் ஒரு ஞாயிறு அவருக்குத் தெரியாமல் பின்னால் போனேன். பெண் யாராவது வருவாளோ, இல்லை கவிதை எழுதுகிறாரோ என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். வெள்ளைக் கல் சிதறிக் கிடக்கிற மேட்டில் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார். மடியிலிருந்த நிலக்கடலையை உரித்துத் தின்றார். இரண்டு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து வந்தார். நான் புதருக்குப் பின்னால் குந்தியிருந்ததில் முழங்கால் இரண்டு நாள் வலித்தது.

அந்த வாரமே பொறுக்காமல் கேட்டுவிட்டேன். “அங்க உக்காந்து என்னண்ணா நெனைச்சுக்கிட்டிருப்பீங்க?”

“ஒண்ணும் நெனைக்கறதில்லையே.”

“சும்மாவா உக்காந்திருக்கீங்க?”

“ஆமா. நல்லா இருக்கும்.”

அந்தப் பதிலை நான் நம்பவில்லை. மறைக்கிறார் என்றே நோட்டில் எழுதினேன்.

என்னையும் அவரோடு சேர்த்து ஒரே வியாதிக்காரர்களாக ஊர் பார்த்தது. பெரியவனுக்கு முற்றிவிட்டது, சின்னவனுக்கு ஆரம்பம் என்பார்கள். எனக்கு அது கோபம். நானும் அதிகம் பேசாதவன்தான். பதிவுக்கு வருகிறவர்களோடு பகலெல்லாம் பேசிவிட்டு ஆறு மணி பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் உட்காருகிறவர் வாயைத் திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். ஆனால் எனக்கு மனிதர்கள் வேண்டும். இரண்டு சிநேகிதர்கள் உண்டு, அவர்களோடு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாமல் விட்டால் மூன்று நாள் மனசு உறுத்தும். கூப்பிட்டால், போக வேண்டுமே என்று மூன்று நாள் உறுத்தும். அண்ணனுக்கு இரண்டும் இல்லை. என்னைக் கூட்டம் களைப்பாக்கியது. அவருக்குக் கூட்டம் தேவைப்படவே இல்லை. இந்த வித்தியாசத்துக்குப் பெயர் இருப்பது 1964-ல்தான் தெரிந்தது. சேலத்து நூலகம் ஒன்றில் மனோதத்துவப் புத்தகம் ஒன்றைப் படித்தபோது, என்னைப் போன்றவர்களை அகமுகிகள் என்கிற மாதிரியும், அண்ணனைப் போன்றவர்களை ‘ஸ்கிசாய்டு’ என்கிற மாதிரியும் இருந்தது. இரண்டாவது சொல்லைப் பார்த்து முதலில் பயந்துதான் போனேன். மனச்சிதைவு நோயின் பெயரும் அப்படித்தான் தொடங்குகிறது. இது அந்த நோயல்ல, இல்லாத குரலைக் கேட்பதோ இல்லாததைப் பார்ப்பதோ இதில் கிடையாது என்று அடுத்த பக்கத்தில் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. எந்த டாக்டரும் அண்ணனைப் பார்த்ததில்லை. ஆகவே அந்தப் பெயரை அவருக்கு ஒட்டவும் எனக்கு உரிமையில்லை. தங்கை கல்யாணச் சமயத்தில் தெரிந்திருக்க வேண்டியது மூன்று வருஷம் தாமதமாகத் தெரிந்தது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

1960 கார்த்திகையில் தங்கைக்கு மேட்டூரிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் அங்கே மின்சார நிலையத்தில் வேலை. தகப்பன் இல்லாதவன், சித்தப்பா வளர்த்தது. தங்கைக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. எங்களிலும் நிச்சயம் என்றால் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றுவதுதான். அப்பா இல்லாத வீட்டில் தட்டைக் கொடுக்கிற கை மூத்த மகனுடையதாக இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம். ஞாயிறானால் அண்ணன் கரட்டுக்குப் போய்விடுவார் என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். “அவன் போறதே நல்லதுடா. உம்முன்னு உக்காந்திருந்தா மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?” என்றாள் அம்மா. நானும், “அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்மா” என்றேன். அவர் பக்கம் நின்று பேசியதாக எனக்குத் திருப்தி. அன்று காலை அண்ணன் கிளம்பும்போது, விரித்திருந்த புதுப் பாயைப் பார்த்தபடி வாசற்படியில் கொஞ்சம் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மணி எட்டு பத்து என்று எழுதியிருக்கிறேன். வேறு எதுவும் எழுதவில்லை.

தட்டை நான் மாற்றினேன். வாங்கிக்கொண்ட மாப்பிள்ளையின் சித்தப்பா, “மூத்தவரு எங்கீங்க?” என்று கேட்டார்.

“அச்சகத்துல அவசர வேலைங்க.”

“ஞாயித்துக்கெழமையுங்களா?”

எல்லாத் தேதியும் கிழமையும் தெரிந்த எனக்கு அது அந்த நேரம் பார்த்துத் தெரியாமல் போயிற்று.

ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, பூசை நடுவில் சாமியார் முதல் ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அதுதான் ஓலை. புதன்கிழமை மேட்டூரிலிருந்து கார்டு வந்தது. மூத்தவருக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள், இரண்டாவது ஓலை வாசிக்கிற ஞாயிறு வீட்டுக்கு வருகிறோம், பார்த்துப் பேசிய பிறகு மற்றது என்று நாலு வரி. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார்.

ஓலை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோயில் நிறைந்த ஜனம் பெயரைக் கேட்டாகிவிட்டது. இரண்டு ஞாயிறு வாசித்து மூன்றாவது ஞாயிறு வாசிக்காமல் விட்ட பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? தங்கை அடுப்படியில் என்னிடம், “பெரியண்ணனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. ஆனா எனக்குப் பயமா இருக்கு சின்னண்ணா” என்றாள். வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுதாள்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். “மாதாவுக்கு நேந்துக்கிட்டுப் பேசாம இருக்கான்னு சொல்லிடு சாமி. கேக்கறவங்களுக்கும் மரியாதையா இருக்கும்.” நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது மட்டுமில்லை, ஆகஸ்ட் மாதா திருநாளிலிருந்து அடுத்த ஆகஸ்ட் மாதா திருநாள் வரை என்று நேர்த்திக்கு ஆரம்பமும் முடிவும் வைத்தேன்.

ஞாயிறு பதினொன்றரைக்குச் சித்தப்பாவும் அவர் மனைவியும் வந்தார்கள். காப்பியும் முறுக்கும் வைத்தோம். காப்பி ஆறுவதற்குள் நான் நேர்த்திக் கதையைத் தேதியோடு சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். “அப்பேர்ப்பட்ட புள்ளையப் போயி என்னென்னமோ சொல்லிப்போட்டாங்களே” என்று கண்ணைத் துடைத்தார். எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் வந்தார். வாசல் தொட்டியில் காலில் ஒட்டிய வெள்ளைத் தூசியைக் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தார். சித்தப்பா எழுந்து நின்று கைகூப்பினார்.

“கும்புடறேனுங்க. நேர்த்தியில இருக்கீங்களாமா. நீங்க பேச வேண்டாமுங்க, பாத்ததே போதும்.”

“நேர்த்தியெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே” என்றார் அண்ணன்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். “இந்தத் தம்பி ஆகஸ்ட்டு, பதினஞ்சாந்தேதின்னு அத்தனை வெவரமாச் சொல்லுச்சே!”

“அவன் எதுக்கும் ஒரு தேதி சொல்லுவானுங்க” என்றார் அண்ணன். அதில் கேலி இல்லை.

சித்தப்பா உட்கார்ந்தார். முகம் இறுகிவிட்டது. “அப்ப நானே கேக்கறேனுங்க. கோவிச்சுக்கக் கூடாது. யாரு மேலயாவது கோவமுங்களா?”

“இல்லீங்க.”

“மனசுல ஏதாவது வருத்தம், ஏமாத்தம்?”

“இல்லீங்க.”

“மறுபடி சாமியாராப் போற யோசனையா?”

“இல்லீங்க. ரெண்டு வருஷம் இருந்து பாத்தேன். அங்க கூட்டம் ஜாஸ்தி.”

சித்தப்பாவின் மீசை லேசாக அசைந்தது. அந்த அம்மாள் விடவில்லை. “காதுல யாராச்சும் பேசற மாதிரிக் கேக்குதா, சாமி?”

“பேசினாத்தாங்க கேக்கும்.”

“அப்புறம் ஏன் ஆருகிட்டயும் சேராம இருக்கறே?”

அண்ணன் யோசித்தார். அந்த மாதிரிக் கேள்விக்கு அவர் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. “எனக்கு அது வேண்டியிருக்கலீங்க. உங்களுக்கு வேண்டியிருக்குது. அவ்வளவுதான்.”

“கூடப் பொறந்தவ மேல பாசமாவது இருக்குதா, இல்லையா?”

“இருக்குதுன்னுதான் நெனைக்கறேன். எடுத்துக் காட்டத் தெரியலீங்க.”

“அப்படின்னா நிச்சயத்தன்னைக்குத் தட்டு மாத்த ஏன் வரலீங்க?” என்றார் சித்தப்பா. அவர் மேட்டூரிலிருந்து சுமந்துகொண்டு வந்த கேள்வி அதுதான் என்று குரலிலேயே தெரிந்தது.

“என்னை யாரும் கூப்புடலீங்க.”

அம்மா பதறிப்போனாள். “கூப்பிட்டா வந்திருப்பியாடா?”

“வந்திருப்பேன்.”

ஒன்பது வருஷமாக அவரைப் பற்றி எல்லாரும் சொன்னதை எழுதிய நான், தட்டு மாற்ற வருவீர்களா என்று அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வர மாட்டார் என்பது எனக்குத் தெரியும் என்று இருந்தேன். கர்வம் என்ற உபதேசியாரும் காதல் என்ற நெசவுக்காரரும் எப்படித் தெரிந்துகொண்டார்களோ, அப்படித்தான் நானும் தெரிந்துகொண்டிருந்தேன்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க தம்பி, ஊட்டுக்கு மூத்தவர உட்டுப்போட்டுத் தட்ட நீங்க நீட்டுனீங்க. கேட்டா அச்சகம்னீங்க. இன்னிக்கு நேர்த்திங்கறீங்க. ஒளிச்சு ஒளிச்சு வெச்சா நாங்க என்னத்த நெனைக்கறது, சொல்லுங்க?”

அந்த அம்மாளுக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. “இதெல்லாம் வம்சத்துல வருமாங்க? நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கு?” என்று கணவரிடம் கேட்பதுபோல் எல்லாரையும் கேட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றார் அண்ணன்.

அப்போது கதவுக்குப் பின்னால் நின்றிருந்த தங்கை வெளியே வந்துவிட்டாள். பெண் வரக்கூடாத நேரம் அது. “எனக்கு வரலீங்க அத்தை. நான் வாய் ஓயாமப் பேசுவேன், அம்மாவக் கேளுங்க” என்றாள். சித்தப்பா சிரித்துவிட்டார். “அது நிச்சயத்தன்னைக்கே தெரிஞ்சுபோச்சு கண்ணு” என்றவர், “தட்டை எடுங்க. மூத்தவரு கையால மறுபடி மாத்திப்போடலாம்” என்றார்.

வீட்டில் வெற்றிலை இல்லை. நான் தெருமுனைக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அண்ணன் பாயில் அவர்களுக்கு எதிரே, விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்திருந்தார். தட்டைக் கொடுத்தார், வாங்கினார். நான் தடுமாறிச் செய்த வேலையை அவர் எழுத்துக் கோக்கிறவரின் சுத்தத்தோடு செய்தார். பிறகு, “நான் சாப்பிடலாமுங்களா? பசிக்குது” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தை கடைசியில் கல்யாணம். அண்ணன் கோயிலில் முன்வரிசையில் ஐம்பது நிமிஷம் நின்றார், சாட்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார், தங்கையின் தலையில் கையை வைத்து எடுத்தார். பேண்டு வாத்தியம் தொடங்குமுன் பக்கவாசல் வழியாகப் போய்விட்டார். பந்தியில் எல்லாரும் என்னையே கேட்டார்கள். வந்தார், போய்விட்டார் என்று அத்தனை பேருக்கும் சொன்னேன். அன்றைக்கு நான் வேறு காரணம் எதுவும் சேர்க்கவில்லை. காரணம் இல்லாததால் அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். கர்வம் என்று இருவர், தங்கையைப் பிரிகிற துக்கம் தாங்கவில்லை என்று பலர். துக்கம் என்றவர்களை மறுக்கவும் எனக்குத் தெம்பில்லை. ஒருவேளை அவர்கள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் மேட்டூர் பஸ் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தேன். காலையிலிருந்து சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. ஒரு வாரத்துக்கு எவர் முகத்தையும் பார்க்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருந்தாள்.

“பாத்தியாடா, பெரியவனுக்கு எல்லாம் சரியாயிட்டுது. தட்டு மாத்தினான், கோயில்ல நின்னான், சம்பந்தி ஊட்டுக்காரங்ககிட்ட எவ்வளவு பேச்சுப் பேசினான். அடுத்த வைகாசிக்குள்ள இவனுக்கும் ஒரு பொண்ணைப் பாத்துடணும்.”

எனக்குக் கையைத் தூக்கவும் அலுப்பாக இருந்தது. “அவரைக் கேட்டீங்களாம்மா?”

“அவனை எதுக்குக் கேக்கணும்?”

எழுந்து பின்கட்டு அறைக்குப் போனேன். அண்ணன் ஜன்னலோரம் பாயில் படுத்திருந்தார். உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்று கேட்டேன்.

“அம்மா உங்களுக்குப் பொண்ணு பாக்கட்டுமான்னு கேக்கறாங்கண்ணா.”

“வேண்டாம்னு சொல்லு.”

திரும்பி வந்து, “வேண்டாமாம்மா” என்றேன்.

அம்மா சிரித்தாள். “வெக்கப்படறான்” என்றாள்.

நான் வாடகைப் பாய்களை எண்ணிச் சுருட்ட ஆரம்பித்தேன்.